கொடையில் கேட்ட பட்டிமன்றமும் 90 ரூபாய் அட்லஸும்

வணக்கம் மக்களே. ஞாயிற்றுக்கிழமை, அதே மொட்டை மாடி, அதே சுக்குக்காப்பி. இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். மாஞ்சோலை வீடியோவின் இரண்டாம் பகுதிக்காக வந்தவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பேசி முடிக்காமல் எனக்கு அதில் மனசு போகாது.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் அம்மா ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. சேரன்மகாதேவி பக்கம் என்று உங்களுக்கே தெரியும், போன வருடம் வாழைத்தோப்பு வீடியோ எடுத்தேனே, அதே ஊர். வழக்கமாக வில்லுப்பாட்டு வைப்பார்கள். இந்த வருடம் கமிட்டியில் புதுப் பையன்கள் சேர்ந்து பட்டிமன்றம் வைத்துவிட்டார்கள். வில்லுப்பாட்டு இருக்கிற மண்ணில் எதற்குப் பட்டிமன்றம் என்பது என் முதல் கோபம். குடத்தைத் தட்டுகிற சத்தம் இல்லாத கொடை எனக்குக் கொடையே இல்லை. சரி, அதை விடுங்கள்.

தலைப்பு என்ன தெரியுமா? 'பறிபோன நிலத்தை மீட்க உயிரைக் கொடுப்பது பெருமையா, பேதைமையா?' நல்ல தலைப்பு என்றுதான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். பெருமை அணியில் வந்தவர் 'ஒரு பிடி மண்ணுக்கு ஓராயிரம் உயிர் போனாலும் தகும்' என்று ஒலிபெருக்கி கிழியக் கத்தினார். விசில் பறந்தது. பேதைமை அணி மாமியார் மருமகள் ஜோக் சொல்லியே நேரத்தை ஓட்டியது. கடைசியில் நடுவர் எந்தப் பக்கம் கைதட்டல் அதிகம் என்று கேட்டு, பெருமையே என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். இரண்டரை மணி நேரத்தில் ஒரு ஊர் பெயர் வரவில்லை, ஒரு வருடம் வரவில்லை, எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஓராயிரம் உயிர் என்று சொன்னவருக்கு ஓராயிரம் பேரை ஒரே இடத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று தெரியுமா? அன்றைக்கு வந்த கூட்டமே 300 பேர்தான். எனக்குத் துல்லியமாகத் தெரியும், வாடகை நாற்காலிகளைக் கடைசியில் அடுக்கிக் கொடுத்தது நானும் என் சித்தி மகனும்.

மறுநாள்தான் இந்த அட்லஸ் கிடைத்தது. கேமரா பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடை. 150 ரூபாய் சொன்னார். நான் 60 கேட்டேன். 'தம்பி, எடைக்குப் போட்டாலே இதைவிடக் கிடைக்கும்' என்றார். அட்டை கிழிந்திருக்கிறதே அண்ணாச்சி என்றேன். அட்டையிலா படம் இருக்கிறது என்றார். அது நியாயமான பதில், ஒத்துக்கொள்கிறேன். 120-க்கு இறங்கினார். நான் வண்டியை எடுக்கிற மாதிரி சாவியைப் போட்டேன், கூப்பிடவில்லை. எதிர்க்கடையில் போய் ஒரு சீப்பு நாட்டுப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பவும் அந்த வழியாகவே நடந்தேன். 'சரி, 90 கொடுத்துவிட்டு எடுத்துட்டுப் போங்க' என்றார். இரண்டு நாளாக வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், உங்களிடம்தான் பாக்கி. 90 ரூபாய்க்கு உலகம் மொத்தமும்!

எந்த வருடத்துப் புத்தகம் என்று உள்ளே எங்கும் இல்லை, முதல் தாள் போய்விட்டது. ஆனால் தமிழ்நாட்டுப் பக்கத்தில் திருநெல்வேலி மாவட்டம் தூத்துக்குடிக் கடல் வரைக்கும் ஒரே பச்சையாக இருக்கிறது. தூத்துக்குடி 1986-ல் பிரிந்தது, அதனால் அதற்கு முந்தியது. மேற்கே செங்கோட்டையும் உள்ளே இருக்கிறது, அதனால் 1956-க்குப் பிந்தியது. சோவியத் யூனியன் இரண்டு பக்கத்துக்கு ஒரே ரோஜா நிறம். யூகோஸ்லாவியா ஒரே நாடு. எத்தியோப்பியாவுக்கு அப்போது கடல் இருந்தது.

இந்த ரோஜா நிறத்தில் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவில் பாருங்கள். அஜர்பைஜானின் பாகு, ஆர்மீனியாவின் எரெவான் இரண்டும் இருக்கின்றன. நடுவில் நாகோர்னோ கரபாக் என்று பெயரே போடவில்லை. அஜர்பைஜானுக்குள் இருந்த மலைநாடு, ஆனால் அங்கே பெரும்பான்மை ஆர்மீனியர்கள். 1988-ல் எங்களை ஆர்மீனியாவோடு சேருங்கள் என்று கேட்டார்கள். சோவியத் உடைந்ததும் முழுப் போர். 1994 மே மாதம் சண்டை நின்றபோது கரபாக்கும் சுற்றியிருந்த ஏழு மாவட்டங்களில் பெரும்பகுதியும் ஆர்மீனியர் கையில். அங்கே குடியிருந்த லட்சக்கணக்கான அஜர்பைஜானியர்கள் விரட்டப்பட்டார்கள். அக்தம் என்று ஒரு ஊர். 1993 ஜூலையில் பிடித்து, ஆளை விரட்டி, கதவு, ஜன்னல், ஓடு, கல் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் உருப்படியாக நின்றது ஒரு மசூதிதான்.

26 வருடம் பேச்சுவார்த்தை. பலன் ஒன்றும் இல்லை. 2020 செப்டம்பர் 27-ல் அஜர்பைஜான் போரைத் தொடங்கியது, 44 நாள் நடந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து 6,500-க்கு மேற்பட்ட வீரர்கள் செத்தார்கள். நிறையப் பேர் பதினெட்டு, இருபது வயசுப் பையன்கள். நான் அடுக்கிய 300 நாற்காலியை நினைத்துக்கொண்டேன். அந்த மாதிரி 21 கொடைக்கு மேல், அத்தனை நாற்காலியும் காலி. அதற்கு அப்புறம் 2022 டிசம்பரிலிருந்து, கரபாக்கை ஆர்மீனியாவோடு இணைக்கிற லாச்சின் பாதையை அஜர்பைஜான்காரர்கள் அடைத்தார்கள், உள்ளே இருந்த ஆர்மீனியர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் போவது நின்றது. 2023 செப்டம்பர் 19-ல் திரும்ப அடித்தார்கள். ஒரே நாளில் முடிந்தது. இரண்டு வாரத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்மீனியர்கள் கார் மேல் மெத்தையைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். கிட்டத்தட்ட மொத்த ஊரும் காலி. நிலம் திரும்ப வந்தது, அதில் இருந்த ஆட்கள் போய்விட்டார்கள்.

இதைப் பார்த்துவிட்டு, தகாது, ஒரு உயிர்கூடத் தகாது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. புதன்கிழமை ராத்திரி அப்படித்தான் குறிப்பு எழுதி வைத்தேன். வியாழக்கிழமை அதை அடித்துவிட்டேன். ஏனென்றால் அக்தம்காரர்கள். 27 வருடம் அகதிக் குடியிருப்பில் கிடந்தவர்கள். அவர்களிடம் போய்ப் பொறுமையாகப் பேசுங்கள் என்று இன்னும் எத்தனை வருடம் சொல்வது? அந்தப் போர் நடந்திருக்காவிட்டால் 2020 நவம்பர் 20-ல் அக்தம் அவர்கள் கைக்கு வந்திருக்காது. அது உண்மை, அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வந்த ஊரிலும் கண்ணிவெடி. வீட்டைப் பார்க்கப் போனவர்கள் மிதித்துச் செத்தார்கள்.

அப்புறம் உக்ரைன். அதன் கிழக்கே இருக்கிற டான்பாஸில் 2014-லிருந்து 2021 வரைக்கும் மட்டும் சுமார் 14,000 பேர் செத்தார்கள். அதைப் பிரிந்துபோன பகுதி என்று சொல்வதே எனக்குப் பிடிக்கவில்லை, பக்கத்து நாடான ரஷ்யாவின் படை உள்ளே வந்த இடம் அது. 2022 நவம்பர் 11-ல், ரஷ்யா பிடித்து வைத்திருந்த கெர்சன் நகரத்துக்குள் உக்ரைன் வீரர்கள் நுழைந்தபோது ஜனங்கள் ஒளித்து வைத்திருந்த கொடியை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்கு ஓடி வந்தார்கள். எட்டு மாதமாகக் காத்திருந்தவர்கள் அவர்கள். அதற்காகச் செத்த பையனின் அம்மாவிடம் வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். என் கணக்கு இங்கேதான் வந்து நிற்கிறது. உள்ளே இருக்கிறவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்களா, உங்களைப் பார்த்து ஓடுகிறார்களா? ஓடுகிறவர்கள் இருக்கிற ஊரை மீட்க ஒரு பையனைக்கூட அனுப்பக் கூடாது.

முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அட்லஸில் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் பாதி கிழிந்திருக்கிறது. வாங்கும்போது பார்க்கவில்லை. பார்த்திருந்தால் 75-க்கு முடித்திருப்பேன். கிழிந்து போன இடத்தில்தான் பாத்மே இருக்க வேண்டும். 30 வருடப் போருக்குப் பிறகு எரித்திரியா 1993-ல் எத்தியோப்பியாவிலிருந்து தனி நாடானது. 1998-ல் இரண்டு நாடும் எல்லைக்காக அடித்துக்கொண்டன, தொடங்கியது பாத்மே என்கிற புழுதி பறக்கும் சின்ன ஊரை வைத்து. எண்ணெய்க் கிணறு இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்தில் பல பத்தாயிரம் பேர் செத்தார்கள். எத்தியோப்பியா ஊரைப் பிடித்தது. 2002-ல் எல்லை ஆணையம் ஊர் எரித்திரியாவுக்கு என்று தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பை முழுமையாக ஏற்கிறோம் என்று எத்தியோப்பியா சொன்னது 2018-ல். இதைத்தான் அந்தப் பெருமை அணிக்காரர் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

மால்டோவாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சின்ன நாடு. டிரான்ஸ்னிஸ்திரியா என்கிற பகுதி அதிலிருந்து பிரிந்தது, 1992-ல் சண்டை, நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஜூலையில் நிறுத்தினார்கள், அதோடு சரி. இன்னும் அந்தப் பகுதி மால்டோவா கையில் இல்லை, ரஷ்யப் படை அங்கே நிற்கிறது. ஆனால் அங்கிருந்து ஜனங்கள் வேலைக்கும் வைத்தியத்துக்கும் இந்தப் பக்கம் வந்து போகிறார்கள். அந்தப் பகுதியின் ஷெரிஃப் அணி மால்டோவா லீக்கில்தான் பந்து விளையாடுகிறது. 2021-ல் ரியல் மாட்ரிட்டை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று ஜெயித்தார்களே, அந்த அணிதான். நான் அன்றைக்கு ராத்திரி தூங்கவே இல்லை, பழைய ஆட்களுக்கு அந்த வீடியோ ஞாபகம் இருக்கும்.

நம்ம பக்கமே பாருங்கள். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தாய்த்தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்களைப் போலீஸ் சுட்டது. உயிர் போனது, அதை மறக்கக் கூடாது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அந்த வருத்தம் இன்றைக்கும் பேசப்படுகிறது. ஆனாலும் புளியரை வழியாகக் காய்கறி லாரி தினமும் கேரளாவுக்குப் போகிறது. ஒரே நாட்டுக்குள் நடந்தது, அது வேறு என்பீர்கள். வேறுதான். இருந்தாலும் கோடு எங்கே போனாலும் ஜனங்கள் சேர்ந்து பிழைக்கலாம் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தென்காசி பஸ்ஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கொடைக்கு என் தாய்மாமாவும் வந்திருந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், இந்திய அமைதிப்படையோடு 1987-ல் இலங்கைக்குப் போனவர். நம்ம படையில் மட்டும் 1990-க்குள் சுமார் 1,200 பேர் அங்கே செத்தார்கள். பட்டிமன்றத்தில் விசில் அடித்தபோது மாமா எழுந்து பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு அட்லஸை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலங்கைப் பக்கத்தில் விரலை வைத்து யாழ்ப்பாணத்தைத் தேடினார். நகம் மஞ்சளாகி நுனி வெடித்த விரல். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

'மருமவனே, அங்கயும் ஒரு திருநெல்வேலி உண்டு, தெரியுமாடே?' என்றார். எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊரே அதுதானாம். வண்டி பழுதாகி நின்றபோது ஒரு ஆச்சி வாசலில் நின்று எந்த ஊர் தம்பி என்று கேட்டிருக்கிறார். மாமா திருநெல்வேலி என்றிருக்கிறார். 'நானும் திருநெல்வேலிதான்' என்று ஆச்சி உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்தாராம். 'அடுத்த மாசம் அந்தத் தெரு வழியா வந்தேன்டே. வீடு இல்ல.' அவ்வளவுதான் சொன்னார்.

2009 மே மாதம் அங்கே இலங்கை அரசு முழு நிலத்தையும் மீட்டுவிட்டோம் என்று அறிவித்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. காணாமல் போன பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் அம்மாக்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். வருடக்கணக்காக எழுந்திருக்கவில்லை. அடுத்த வருடம் கொடைக்கு அதே தலைப்பை வைத்தால் நான் மேடை ஏறுவேன், கமிட்டிப் பையன்களிடம் சொல்லிவிட்டேன்.

அட்லஸை மாமா கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்குக் காலையில்தான் திரும்ப வாங்கி வந்தேன், வீடியோவுக்காக. இலங்கைப் பக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது, பாருங்கள். வெள்ளிக்கிழமை நான் கொடுத்தபோது இது இல்லை. சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.