நட்டை இறுக்கினா சில்லு சுத்தாது, இளக்கினா ஆடும்! புது பெயரிங் போட்டும் ஏன் இந்தக் கூத்து?

[முன் சில்லு கிட்டத்துல. ஒரு கை மேல, ஒரு கை கீழ, டயரை ஆட்டுது]

டொக்... டொக்... கேக்குதா? இந்த சில்லுக்கு பெயரிங், அதாவது ரெண்டு வளையத்துக்கு நடுவுல குண்டு உருளுற சாமான், மாத்தி ரெண்டு நாள் கூட ஆகல மக்களே. பேஸ்லைன் ரோட்ல அம்பதுல போகக்குள்ள ஹேண்டில் சும்மா காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குது. எக்ஸல் நட்டை, அதாவது சில்லு அச்சுல இருக்கிற நட்டை, நல்லா இறுக்கினா சில்லு சுத்தவே மாட்டேங்குது, கொஞ்சம் இளக்கினா இந்த ஆட்டம். உங்கட பைக்குலயும் இதே கதைதான்னா நூத்துக்கு தொண்ணூறு தடவை குத்தம் பெயரிங்ல இல்ல, கடையில போய் சண்டை பிடிக்காதீங்க, முதல்ல இத பாருங்க.

வணக்கம், கொழும்பு கொட்டாஞ்சேனையில இருந்து. வரலாறு ஒரே மூச்சுல சொல்லி முடிக்கிறேன்: 1794ல வேல்ஸ்ல பிலிப் வோன்னு ஒருத்தர் குதிரை வண்டி அச்சுக்கு குண்டு வச்ச பெயரிங்குக்கு பேட்டன்ட் எடுத்தார், அவ்வளவுதான், முடிஞ்சுது.

முதல்ல ஆடுறது எதுன்னு பிடிக்கணும். நடு ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு கீழ கட்டை குடுத்து முன் சில்லை தூக்குங்க. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. சில்லை பிடிச்சிருக்கிற ஃபோர்க்கும் சேர்ந்து ஆடுதா? அப்ப அது ஹேண்டில் கோன் செட், ஹேண்டில் திரும்புற இடத்து பெயரிங், அது வேற வீடியோ. ஃபோர்க் அசையாம சில்லு மட்டும் ஆடுதா? இந்த வீடியோ உங்களுக்குத்தான். ஒண்ணுமே ஆடல, ஆனா சுத்தி விட்டா டயர் பாம்பு மாதிரி நெளியுதுன்னா ரிம்மையோ டயரையோ பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வாறேன். சில்லுட நடுவுல இருக்கிற ஹப்புக்குள்ள ரெண்டு பெயரிங் இருக்கு, அதுக்கு நடுவுல ஒரு இரும்புக் குழாய். ஸ்பேசர். பார்த்தா பழைய பைப் துண்டு மாதிரித்தான் இருக்கும், மரியாதையே வராது. ஆனா நட்டை இறுக்கக்குள்ள வாற பலம் முழுக்க பெயரிங்ட உள் வளையத்துல இருந்து இந்தக் குழாய்க்கு போய், அடுத்த பக்க உள் வளையத்துக்கு போகுது. குழாய் இல்லாட்டி? ரெண்டு உள் வளையமும் உள்ளுக்கு இழுபடும், வெளி வளையம் ஹப்புல நிக்கும், குண்டு நடுவுல நெரிபடும். அதான் இறுக்கினா சுத்தாது. இளக்கினா பிடிக்க ஆளில்ல, அதான் ஆட்டம். விளங்குதா?

என்ட ஸ்பேசர் எங்கன்னு கேளுங்க. நான் சில்லை கழட்டி வச்சிட்டு பிளேன்டீ குடிக்க போன நேரம் தம்பி வீட்டு முன்பக்கத்த துப்புரவு பண்ணியிருக்கார். பழைய இரும்பு, போத்தல் வாங்கிற ஆள் அந்த நேரம் பார்த்து வந்திருக்கார். குழாய் எடை போட்டு போயிட்டுது! தெரியாம நானும் பெயரிங்க அடிச்சு ஏத்திட்டேன். உள்ளுக்க ஒண்ணு குறையுதேன்னு ஒரு சின்ன யோசனை கூட வரல, அதுதான் எனக்கு வெக்கம்.

[பெயரிங் விளிம்பு, எழுத்து தெரியிற மாதிரி]

சரி, எனக்கு ஆசையான பகுதி இது, கொஞ்சம் பொறுங்க. இதுல 6301ன்னு அடிச்சிருக்கு. இது சும்மா நம்பர் இல்ல, ஜாதகம்! 6ன்னா குண்டு ஓடுற பள்ளம் ஆழமான வகை. 3 சைஸ் வரிசை. கடைசி 01தான் ஓட்டை, 12 மில்லிமீட்டர். 00ன்னா 10, 02ன்னா 15, 03ன்னா 17, 04ல இருந்து அஞ்சால பெருக்குங்க, 04ன்னா 20, 05ன்னா 25. அழகா இல்லையா? இப்ப பாருங்க, 6201க்கும் அதே 12 ஓட்டைதான், எக்ஸல் சந்தோஷமா போகும், ஆனா வெளி விட்டம் 32. 6301க்கு 37. அதனால எக்ஸல் போனா சைஸ் சரின்னு நினைக்கக் கூடாது. பின்னால 2RSன்னு இருந்தா ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி, ZZன்னா தகர மூடி. எங்கட ஊர் மழைக்கு ரப்பர் மூடிதான், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல.

[வெளிய பாண் விக்கிற சூன் பாண் ஓட்டோ மியூசிக்]

பாண் வந்திட்டுது, ஒரு நிமிஷம்... சரி.

ஏத்திற முறை. பெயரிங்க பொலித்தீன்ல சுத்தி ஐஸ் பெட்டியில வையுங்க, நான் அம்மாட மீனுக்கு பக்கத்துல வச்சு ஏச்சு வாங்கினேன். 37 மில்லிமீட்டர் பெயரிங் 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு சுருங்கும். சிரிக்காதீங்க, அதுவே உதவிதான். ஹப் அலுமினியம்னா லேசா சூடாக்குங்க, ஒரே சூட்டுக்கு இரும்பை விட அது கிட்டத்தட்ட ரெட்டிப்பா விரியும். அடிக்கிறது வெளி வளையத்துல மட்டும், உள் வளையத்துல சுத்தியல் பட்டா குண்டு ஓடுற பள்ளத்துல குழி விழும், புது பெயரிங் அங்கயே பழசு. முதல் பக்கத்த அடி வரைக்கும் ஏத்துங்க, "டப் டப்"ன்னு வந்த சத்தம் "டிங்"ன்னு மாறும், காதை வையுங்க, அதான் உக்காந்த சத்தம். பிறகு ஸ்பேசர். அடுத்த பக்கம் ஸ்பேசர்ல முட்டின உடனே நிப்பாட்டுங்க, வீரம் காட்ட வேணாம். விரலை விட்டு பாருங்க, ஸ்பேசர் கிலுக்கு மாதிரி ஆடவும் கூடாது, உள் வளையம் சுத்த கஷ்டப்படவும் கூடாது.

புது ஸ்பேசருக்கு, ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு போனேன். கடை நானா மொடலை கேட்டிட்டு பிஸ்கட் டின் ஒண்ட கவிழ்த்தார், பத்து பதினஞ்சு குழாய் உருண்டுது, எல்லாம் ஒரே மாதிரி, நீளம் மட்டும் மயிரளவு வித்தியாசம். "அளந்து எடுங்க தம்பி, கண்ணால எடுக்காதீங்க"ன்னார். வேற மொடல்ட குழாய வெட்டிப் போடுற ஐடியா இருந்தா விட்டிருங்க. நெரிபட்ட பெயரிங் ரெண்டையும் திரும்ப புதுசா வாங்கினேன், அந்த காசை தம்பிகிட்ட கேட்டிருக்கேன், கமென்ட்ல நீங்களும் கேளுங்க.

[ரோட்டில் பைக், ஹேண்டில் நேரா]

அதே பேஸ்லைன் ரோட், அதே அம்பது. நட்டை மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்கியிருக்கு, சில்லும் சுத்துது. நேத்து அந்த இரும்பு வாங்கிற ஆள் திரும்ப வந்து, பழைய பெயரிங் இருக்கான்னு கேட்டார். குடுக்கல. வெளி வளையத்துக்கு சரியா பொருந்துது, அடுத்த தடவை பெயரிங் அடிச்சு ஏத்த அதைத்தான் வச்சிருக்கேன், தம்பிக்கு எட்டாத உயரத்துல.