படைப்பணி முடிந்து வருபவருக்குப் பழைய வேலை

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் நேஷனல் கார்டு, ரிசர்வ் என்ற பகுதிநேரப் படைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வெளியில் ஒரு வேலையும் பார்க்கிறார்கள். அழைப்பு வந்தால் அதை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்புறம் அந்த வேலை என்ன ஆகும்?

யுசெரா எனப்படும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், திருப்பித் தர வேண்டும் என்கிறது. முதலாளியிடம் ஒரே ஒருவர் வேலை பார்த்தாலும் சரி, அவருக்கும் இது பொருந்தும். ஒரே முதலாளியிடம் இப்படிப் போய்வரும் காலம் மொத்தம் 5 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. சில பணிகள் இந்தக் கணக்கில் சேராது.

ஆனால் எந்த இடத்தில் திருப்பித் தருவது? தகராறெல்லாம் இங்கேதான் வருகிறது. கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர் பத்து மாதம் போய்வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கூட இருந்தவர்களுக்குப் பணிமூப்பின்படி சம்பளம் ஏறிவிட்டது. மேலாளர், “உங்க இடத்துக்கு ஆள் போட்டாச்சு, புதுசா சேர்ந்துக்கோங்க” என்கிறார். இது செல்லாது. 1946-இல் ஃபிஷ்கோல்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் எஸ்கலேட்டரை வைத்தே இதை விளக்கியது: இறங்கிய படியில் அல்ல, இறங்காமல் நின்றிருந்தால் இந்நேரம் எங்கே இருப்பாரோ அங்கே ஏற வேண்டும். அந்தச் சம்பள உயர்வு அவருக்கும் உண்டு. அந்தப் பிரிவையே மூடி எல்லோரையும் அனுப்பியிருந்தால், அதுவும் அவருக்குப் பொருந்தும்.

உடம்பு கெட்டுத் திரும்புபவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கிறது. டெக்சஸ் மாநிலக் காவலரான லெ ராய் டோரஸ், ஈராக்கில் குப்பை எரிகுழிகளின் புகையால் நுரையீரல் பாதிக்கப்பட்டு வந்தார். தன்னால் முடிந்த வேறு பணி கேட்டார். கிடைக்காததால் வழக்குப் போட்டார். தன்மேல் வழக்கே போட முடியாது என்று மாநிலம் வாதாடியது. போடலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 5-க்கு 4 என்ற கணக்கில். ஒரே ஒரு வாக்கு! இவ்வளவு அடிப்படையான உரிமை அந்த ஒரு வாக்கில் தப்பியிருக்க வேண்டியதில்லை.

நாள் கணக்கில் கவனமாக இருங்கள். 30 நாளுக்குள் முடிந்த பணி என்றால், வீடு வந்து எட்டு மணி நேர ஓய்வுக்குப் பின் வரும் அடுத்த வேலைநாளில் போய் நிற்க வேண்டும். 31 முதல் 180 நாள் வரை என்றால் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 90 நாள். கிளம்பும்போது வாய்வார்த்தையாகச் சொன்னாலும் சட்டம் ஏற்கும். ஆனாலும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால், தொழிலாளர் துறையின் முன்னாள் படைவீரர் பிரிவில் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம்.