ஹோல்புரூக் பழைய மோட்டல்ல அம்மா அப்பாவோட தங்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி டாலஸ்ல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "அண்ணா, ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்திருக்காங்க. ஜூன் மாசம் கார்லயே கிராண்ட் கேன்யன் கூட்டிட்டுப் போறோம். வழியில ஹோல்புரூக்ல கூம்பு கூம்பா இருக்கற அந்தப் பழைய மோட்டல்ல தங்கியே ஆகணும்னு பையன் அடம்பிடிக்கிறான். குடும்பமா நடத்துற இடமாம். அப்பாவுக்கு முட்டிவலி. சைவம் வேற. சரிப்பட்டு வருமா, இல்ல ஹைவே பக்கத்துல இருக்கற செயின் ஹோட்டலே போதுமா?"

தங்கலாம்மா. தாராளமா தங்கலாம். ஆனா ரூம் போடுற விதத்த மாத்திக்கணும். அதத்தான் இப்ப சொல்லப்போறேன்.

இடம் தெரியாதவங்களுக்கு முதல்ல. விக்வாம் மோட்டல்னு பேரு. அரிசோனாவுல ஹோல்புரூக், ஐயாயிரம் பேர் இருக்கற ஊரு. ரூட் 66ங்கற பழைய ஹைவே மேலயே இருக்கு. காங்க்ரீட்ல கட்டின 15 கூடாரம், ஒவ்வொண்ணும் ஒரு ரூம். செஸ்டர் லூயிஸ்ங்கறவர் 1950ல கட்டினார். டிசைன் அவரோடது இல்ல. கென்டக்கியில ஃபிராங்க் ரெட்ஃபோர்ட்னு ஒருத்தர் பேடன்ட் வாங்கி வச்சிருந்தார். அதுக்கு லூயிஸ் என்ன குடுத்தார் தெரியுமா? ரூமுக்கு ரூம் காசு போட்டா பாடற ரேடியோ வச்சார். பத்து சென்ட் போட்டா அரை மணி நேரம் பாடும். அந்தச் சில்லறை பூரா ரெட்ஃபோர்டுக்கு! எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் ஐ-40ங்கற புது ஹைவே வந்துச்சு. ஊருக்குள்ள வந்துட்டிருந்த வண்டியெல்லாம் வெளியிலேயே போயிடுச்சு, வியாபாரம் படுத்துருச்சு, மூடிட்டாங்க. லூயிஸ் காலமானதுக்கு அப்புறம் அவர் குடும்பத்தாரே 1988ல மறுபடி திறந்தாங்க. ஆபீஸ் ரூம்ல அவர் சேர்த்து வச்ச சாமானெல்லாம் சின்ன மியூசியமா இருக்கு. ஒவ்வொரு கூடாரத்து முன்னாடியும் பழைய கார் நிக்கும். பையன் அதுலயே பாதி நாள் ஓட்டிடுவான்.

ஒரு விஷயம். "இந்த ஊர்ப் பூர்வகுடிங்க இப்படித்தான் இருந்தாங்க"ன்னு மட்டும் பையன்கிட்ட சொல்லிடாதீங்க. இந்தக் கூம்புக் கூடாரம் நடு அமெரிக்காவுல, புல்வெளிப் பக்கம் இருந்த ஜனங்களோடது. இங்க நவஹோ மக்கள் கட்டினது மரமும் மண்ணும் வச்ச வட்ட வீடு. ஹோப்பி மக்களோடது கல் வீடு. இது ரோட்டுல போற கார நிறுத்தறதுக்காகக் கட்டின வேடிக்கை, அவ்வளவுதான்.

சரி, ரூம் விஷயத்துக்கு வரேன். செயின் ஹோட்டல்ல, அதாவது ஒரே பேர்ல ஊர் ஊரா இருக்கற ஹோட்டல்ல, நீங்க ஒரு ரூமை வாங்கறதில்ல, ஒரு வகையைத்தான் வாங்கறீங்க. ரெண்டு குயின் பெட்டுனா எந்த ஊருக்குப் போனாலும் அதே ரெண்டு குயின் பெட்டுதான். பழைய இடத்துல அப்படி இல்ல. ஒரே கட்டடத்துல ஒரு ரூம் பெருசா இருக்கும், ஒண்ணு பொந்து மாதிரி இருக்கும். நியூ மெக்சிகோவுல கேலப்ங்கற ஊர்ல எல் ராஞ்சோன்னு ஒரு ஹோட்டல் இருக்கு, 1930கள்ல கட்டினது. வெஸ்டர்ன் படம் எடுக்க வந்த நடிகருங்க தங்கின இடம். ஜான் வெய்ன், ரொனால்ட் ரீகன்னு ரூமுக்கே பேரு வச்சிருக்காங்க. அங்கயே பழைய ஹோட்டல் தனி, பக்கத்துல மோட்டல் கட்டடம் தனி. எதுல ரூம் விழுந்திருக்குன்னு பார்க்காம புக் பண்ணினா, பழைய ஹோட்டலோட மரப்படிக்கட்டு ஹாலப் பார்க்க வந்துட்டு பக்கத்துக் கட்டடத்துல படுத்துட்டுப் போவீங்க.

அதனால ஆன்லைன்ல பட்டனைத் தட்டிட்டு விட்டுறாதீங்க. போன் போடுங்க. எடுக்கறவங்க பெரும்பாலும் ஓனராவோ ஓனர் வீட்டு ஆளாவோதான் இருப்பாங்க. "அப்பாவுக்கு முட்டிவலி, குளிக்கற இடத்துல கால் தூக்கி வைக்கணுமா, பிடிச்சுக்கக் கம்பி இருக்கா"ன்னு நேராக் கேளுங்க. ஹோல்புரூக்ல உங்களுக்கு ஒரு நல்லது, எல்லாமே தரைத்தளம், மாடி ஏற வேண்டாம். காரை வாசல்லயே விடலாம். ஆனா சுவர் உள்பக்கமாச் சாஞ்சு வரும். உயரமானவங்க ஓரத்துல நிமிர்ந்தா தலை இடிக்கும். பாத்ரூம் குட்டி. அஞ்சு பேருக்கு ஒரு கூடாரம் பத்தாது. ரெண்டு போடுங்க, அதுவும் பக்கத்துப் பக்கத்துல வேணும்னு சொல்லிப் போடுங்க.

சத்தம். இத யாரும் சொல்ல மாட்டாங்க. பின்னாடியே ரயில் பாதை போகுது. சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் சரக்கு ஏத்திட்டுப் போற பாதை அது, ராத்திரி பகல்னு பார்க்காது, ஹாரன் அடிச்சிட்டேதான் போகும். ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்து பழகினவங்கன்னா தாலாட்டு மாதிரி தூங்கிடுவாங்க. உங்கப்பாவுக்குத் தூக்கம் லேசுன்னா காதுக்குப் பஞ்சு எடுத்துக்கங்க.

சாப்பாடு... செயின் ஹோட்டல் மாதிரி காலையில வாஃபிள் மெஷின், ஜூஸெல்லாம் எதிர்பார்க்காதீங்க. அம்மா ரைஸ் குக்கர் எடுத்துட்டு வருவாங்கன்னு எனக்குத் தெரியும்! ரூம்ல வைக்கலாமான்னு முன்னாடியே கேட்டுடுங்க. எழுபது எண்பது வருஷக் கட்டடத்துல வயரிங் எப்படி இருக்கும்னு ஓனருக்குத்தான் தெரியும். தயிர் சாதத்துக்கு ரூம்ல தாளிக்க மட்டும் வேண்டாம், புகை அலாரம் அடிச்சா ஊரே வந்துரும்.

உள்ள போனதும் மெத்தை மூலையத் தூக்கி மூட்டைப்பூச்சி இருக்கான்னு பாருங்க. பழைய இடம்னு இல்ல, புது ஹோட்டலா இருந்தாலும் பார்க்கணும்.

இன்னொண்ணு. மேற்குப் பக்கம் "குடும்பம் நடத்துற மோட்டல்"னா பாதிக்கு மேல நம்ம குஜராத்திக்காரங்கதான். கவுன்டருக்குப் பின்னாடியே வீடு, கணவன் மனைவி சேர்ந்து துணி துவைச்சு, ரூம் கழுவி, பிள்ளைங்களப் படிக்க வச்ச கதை. எழுபது எண்பதுகள்ல இவங்களுக்கு இன்ஷூரன்ஸ் குடுக்க மாட்டேன்னாங்க. எதிர்ல இருந்த மோட்டல்காரன் "அமெரிக்கன் ஓன்ட்"னு, அதாவது அமெரிக்கருக்குச் சொந்தம்னு, போர்டு மாட்டினான். அப்படி அடிபட்டவங்கதான் 1989ல சங்கம் வச்சு, இன்னைக்கு இந்தத் தொழிலையே கையில வச்சிருக்காங்க. கலிஃபோர்னியாவுல சான் பெர்னார்டினோ பக்கம் இதே மாதிரி கூம்பு மோட்டல் ஒண்ணு இருக்கு. பாழாப் போயிட்டிருந்தத ஒரு குஜராத்திக் குடும்பம்தான் வாங்கிப் புதுப்பிச்சுது. அதனால போட்டோ பளபளப்பா இல்லைன்னு ஒதுக்கிடாதீங்க. ஆனா பழசுங்கறதுக்காகவே நல்லதுன்னும் நினைக்காதீங்க. சமீபத்து ரெவ்யூவப் பாருங்க. "சுத்தம்"ங்கற வார்த்தை திரும்பத் திரும்ப வருதான்னு பாருங்க.

டாலஸ்ல இருந்து ஒரே மூச்சுல ஹோல்புரூக் வர முடியாது. முதல் ராத்திரி நியூ மெக்சிகோவுல டுக்கும்காரி. அங்க ப்ளூ ஸ்வாலோன்னு 1939லயே கட்ட ஆரம்பிச்ச மோட்டல், ரூமை ஒட்டியே கார் ஷெட்டு இருக்கும், நியான் போர்டு அவ்வளவு அழகு. ரூம் கம்மி, சீக்கிரம் நிறைஞ்சிடும். கிடைக்கலைன்னா அன்னைக்குச் செயின்லயே படுங்க, ஒண்ணும் குடி முழுகிடாது.

நேரத்தக் கவனிங்க. அரிசோனாவுல கோடைக்குக் கடிகாரத்தத் தள்ளி வைக்கற பழக்கம் இல்ல. ஜூன்ல டாலஸ்ல ராத்திரி பத்துன்னா ஹோல்புரூக்ல எட்டுதான். அதுக்காக மெதுவா வரலாம்னு இருக்காதீங்க, இந்த மாதிரி இடத்துல ஆபீஸ் ராத்திரி பூரா திறந்திருக்காது. லேட்டாகும்னா ஒரு போன். கேன்சல் பண்ணினா எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்ங்கறதையும் அதே போன்லயே கேட்டுக்கங்க.

ஹோல்புரூக்ல தங்கறதுக்கு உண்மையான காரணம் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் நேஷனல் பார்க். இருபது கோடி வருஷத்துக்கும் முந்தின மரம் கல்லாக் கிடக்கு. பார்க்குக்குள்ள தங்க ஹோட்டல் கிடையாது, சாயங்காலம் கேட்டைச் சாத்திடுவாங்க. நீங்க கிழக்கே இருந்து வரீங்க, அதனால வடக்கு வாசல்ல நுழைஞ்சு, 28 மைல் ஓட்டி, தெற்கு வாசல் வழியா வெளிய வந்தா நேரா ஹோல்புரூக். மத்தியானத்துக்குள்ள நுழைஞ்சுடுங்க. அப்பாவுக்குக் கார்லயே உட்கார்ந்து பார்க்கற இடம் நிறைய இருக்கு. ஒரு துண்டுக் கல்லக்கூட எடுக்கக் கூடாது, ஃபைன் போடுவாங்க. பையன் பாக்கெட்ட ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு வெளிய வாங்க.

சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.