கடலடியில் ஒரு சாண் அகலப் பாதை! போட்டது யார்? | விலங்குகளைப் படிப்பதே வேலையானால்...

[திரையில்: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்குப் பக்கத்துக் கடலடி]

வணக்கம் மக்களே! திரையை நல்லா உற்றுப் பாருங்க. பச்சைப் பசேல்னு கடற்புல். அதுக்கு நடுவுல ஒரு சாண் அகலத்துக்கு, வளைஞ்சு வளைஞ்சு போகிற ஒரு மணல் பாதை. நங்கூரம் இழுத்த தடம் இல்லை. யார் போட்ட பாதை என்று கண்டுபிடித்துச் சொல்வதையே வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு எப்படிப் போவது என்பதுதான் இன்றைய வீடியோ.

படிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், அப்புறம் பி.எஸ்சி. விலங்கியல். முதுகலைக்கு மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தலில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் இருக்கிறது. நுழைவுத்தேர்வு எழுதத் தயார் என்றால் டேராடூன் இந்திய வனஉயிரின நிறுவனம். அவ்வளவுதான்.

சரி, பாதைக்கு வருவோம். அதைப் போட்டது கடற்பசு, கடலில் வாழும் ஒரு பெரிய பாலூட்டி. நம்ம கரையில் ஆவுளியா என்பார்கள். ஆடு மாதிரி நுனியை மேய்கிற பழக்கம் இதற்குக் கிடையாது. வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே முன்னால் நகரும். மேய்ந்த இடம் அப்படியே வெறும் மணலாகக் கிடக்கும். ஆவுளியாவைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம், எண்ணிக்கை அவ்வளவு குறைந்துவிட்டது. அதனால் ஆராய்ச்சியாளர் கடலுக்குள் இறங்கி இந்தத் தடத்தைத் தேடுகிறார். அகலத்தை டேப் வைத்து அளக்கிறார். பக்கத்தில் ஒரு கம்பிச் சட்டத்தை வைத்து, அந்தச் சதுரத்துக்குள் எந்த வகைப் புல் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று பலகையில் பென்சிலால் குறிக்கிறார். ஆமாம், பென்சில்தான், தண்ணீருக்கு அடியிலும் எழுதும்!

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆவுளியாவின் பல். இறந்து கரை ஒதுங்கிய ஆவுளியாவின் தந்தத்தை அறுத்துப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காகக் கோடுகள் இருக்கும். அவற்றை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். எழுபது வயது வரைகூட வாழ்கிற உயிர் இது. ஆனால் ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்குச் சில வருடம் ஆகும். மூச்சு விட மேலே வந்தே ஆகவேண்டும், வலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஒரு தாய் போனால் அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இந்தக் கணக்கைப் போடத்தான் நமக்கு ஆள் வேண்டும்.

இந்தப் படிப்புக்கு ராமநாதபுரத்தை விட நல்ல இடம் எது? மண்டபத்தில் நின்றால் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்தில் ஒரு மையம் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எந்த மாதம், எந்த ஆழம், எந்த வலை என்பதெல்லாம் மீனவர்களுக்குத் தெரியும். அண்ணாச்சி, ஐயா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர்தான் இந்த வேலையில் ஜெயிக்க முடியும். கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளைகளே, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பட்டம் மட்டும்தான் பாக்கி.

வருமானத்தை மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் பெரும்பாலும் திட்டப்பணிதான், திட்டம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். நிரந்தர வேலைக்கு முனைவர் பட்டம், கல்லூரிப் பேராசிரியர் பணிக்கான நெட் தேர்வு, வனத்துறைத் தேர்வு என்று வருடக்கணக்கில் உழைக்கணும். வீட்டில் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

பாம்பன், கீழக்கரை, தொண்டி மக்களே, உங்கள் ஊர்க் கடலில் புல் எந்தப் பக்கம் அடர்த்தி, முன்பை விடக் குறைந்திருக்கிறதா என்று அப்பா, தாத்தாவிடம் கேட்டு கமென்ட்டில் எழுதுங்க. வலையில் ஆவுளியா உயிரோடு சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்க. அப்படி விடுவித்த மீனவர்களை வனத்துறை பரிசு கொடுத்துப் பாராட்டியிருக்கிறது. அடுத்த வீடியோ குருசடைத் தீவைப் பற்றி, சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க!