கடகடவென்று படித்த பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்றே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அங்கே பார்த்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருத்தி கடகடவென்று படிப்பாள். "மன்னரும் அமைச்சரும் காட்டுக்குச் சென்றனர்" என்று பிசிறில்லாமல் வாசித்தாள். "யாரு எங்க போனாங்க?" என்றேன். விழித்தாள். பிறகு அதே வரியை இன்னும் வேகமாக வாசித்துக் காட்டினாள். நான் கேட்டதற்கு அதுதான் பதில் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

இன்னொருவன் படத்தைப் பார்த்துப் படிப்பவன். பக்கத்தில் வீட்டுப் படம், அதன் கீழே 'இல்லம்' என்று அச்சு. எழுத்தின்மேல் விரலை வைத்து "வீடு" என்றான். பொருள் சரி, ஆனால் ஓர் எழுத்துகூடப் பொருந்தவில்லை. தப்பு என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

இவனை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். அவளைக் கண்டுபிடிக்கப் பாதி வருஷம் ஆனது. வாய் தடங்கலில்லாமல் ஓடினால் டீச்சருடைய காது ஏமாந்துபோகும்.

எழுத்துக்கூட்டிப் படிப்பது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் ஆகாது. 247 எழுத்து என்றதும் பயந்துவிடுகிறோம். உயிர் 12, மெய் 18, அப்புறம் காலும் கொம்பும் சுழியும் பிடிபட்டால் மீதி தானாக வந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்தை நாம் 'இக்', 'இம்' என்று சொல்லித் தருகிறோம். பிள்ளை 'பக்கம்' என்ற சொல்லைக் கூட்டும்போது "ப, இக், க, இம்" என்கிறது. அந்த இரண்டு 'இ'யும் சொல்லில் இல்லவே இல்லை. அவற்றை உதறத் தெரிந்த பிள்ளைக்குத்தான் 'பக்கம்' கிடைக்கும். கொம்பும் அப்படித்தான். 'கே' என்று எழுத, கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. இதற்கெல்லாம் நிதானமாக நாள் கொடுக்க வேண்டும். ஒரே மாதத்தில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

தமிழை எழுதியபடியே படித்துவிடலாம் என்பார்கள். முழுக்க உண்மையில்லை. வானொலியில் பேசுவதால் இதைக் காட்டுவது சுலபம், கேளுங்கள்: கல், தங்கம், மகன். மூன்றிலும் ஒரே 'க'தான், ஒலி மூன்று. இன்னொன்று: தீப்பந்தம், சொந்தபந்தம். 'பந்தம்' என்று எழுதுவது ஒரே மாதிரி. உங்கள் காதில் விழுந்த 'ப' இரண்டு. எதை எப்படிச் சொல்வது என்று அந்த எழுத்து மட்டும் சொல்லாது. பல சொற்களில் பக்கத்து எழுத்து காட்டிக்கொடுக்கும், எல்லாவற்றிலும் இல்லை. அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டு, பொருள் தெரிந்த பிள்ளைதான் வல்லோசையில் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, அதுவா!" என்று சட்டென்று திருத்திக்கொள்ளும். ஆக, முதலில் எழுத்து, பொருள் அடுத்த வருஷம் என்று தமிழில் பிரித்துவைக்கவே முடியாது.

இதற்குமேல் நம் வீட்டுப் பேச்சுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள தூரம். வீட்டில் 'போனாங்க', புத்தகத்தில் 'சென்றனர்'. அந்தப் பெண்ணுக்குப் பிரச்சினை அங்கேதான்.

1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்காகவே சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறமையையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறமையையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். என் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கடகடவென்று படிக்கும் பிள்ளை மலரில் உட்கார்ந்துவிட்டால், அது நிஜமாகவே மலர்தானா என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பையனுக்குப் படத்தைக் கையால் மறைத்தேன். முதல் எழுத்து என்ன, அடுத்து என்ன என்று விரலால் நகர்த்தவைத்தேன். 'இல்லம்' வர ஒரு வாரம் ஆனது. அவளுக்கு முதலில் நான் கதையை வீட்டுப் பேச்சில் சொன்னேன், பிறகு அதே கதையைப் புத்தகத்தில் படிக்கவைத்தேன். ஒரு வரி முடிந்ததும் புத்தகத்தை மூடி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்பேன். வேகம் குறைந்தது. பிள்ளை பின்தங்குகிறாளே என்று அவள் அம்மா பள்ளிக்கே வந்து சண்டை போட்டார்.

ஒரு நாள் பாதி வரியில் தானாக நின்றாள். விரலை எடுக்கவில்லை.

"டீச்சர், 'சென்றனர்'னா போனாங்களா? அப்ப ராஜா வீட்ல யாரு இருக்கா?"

அடுத்த பக்கத்தில் இருக்கிறது, பார் என்றேன்.