டைமிங் கலையாமல் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றலாம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள பழைய அம்பாசடரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காகப் பேசுகிறேன். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால், உள்ளே மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் பாயிண்ட்டின் இடைவெளி நிலையாக நிற்காது. டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்தே ஆகவேண்டும். டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், போய்விடுமே என்று பலரும் தயங்குகிறார்கள். இந்த இன்ஜினில் அந்தப் பயம் வேண்டாம்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பிளக் வயர்களுக்கு நம்பர் போட்டுவிட்டு, இரண்டு கிளிப்பையும் தட்டி மூடியை ஒதுக்கி வையுங்கள். காயிலிலிருந்து வரும் சின்ன வயர், வேக்கம் பைப் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது கையை நிறுத்தி நன்றாகப் பாருங்கள். அடியில் ஒரு கிளாம்ப் தகடு இருக்கிறது. அதை இன்ஜினோடு பிடித்திருப்பவை இரண்டு ஸ்க்ரூ. டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருப்பது தனியாக ஒரு போல்ட். அவிழ்க்க வேண்டியது அந்த இரண்டு ஸ்க்ரூவை மட்டும். கழுத்துப் போல்ட்டில் ஸ்பேனரே படக்கூடாது. டைமிங் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. தகட்டோடு சேர்த்து மேலே தூக்குங்கள், வந்துவிடும்.

தண்டின் அடியில் உள்ள நாக்கு நட்டநடுவில் இல்லாமல் சற்று ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதனால் ஒரே வாட்டத்தில்தான் உள்ளே போகும். இடையில் யாராவது இன்ஜினைச் சுற்றிவிட்டால்கூடக் கவலையில்லை. தண்டின் உச்சியில் சுழலும் துண்டான ரோட்டாரை விரலால் மெல்லத் திருப்பினால் நாக்கு இன்ஜின் பக்கத்துப் பள்ளத்தில் விழும். தகடு பழைய இடத்தில் படிந்து உட்காரும். உட்காராவிட்டால் தட்டாதீர்கள், ஸ்க்ரூவை முறுக்கி இழுக்கவும் கூடாது. இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், கழுத்துப் போல்ட்டைத் தொடாதீர்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் சாய்பல் கியர் வைத்த வேறு வண்டி என்றால் கதை வேறு. தூக்கும்போதே ரோட்டார் கொஞ்சம் சுழலும். ஆகவே தூக்கும் முன் ரோட்டார் முனை நின்ற இடத்தில் ஒரு கோடு, வெளியே வந்ததும் நின்ற இடத்தில் இன்னொரு கோடு, டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் இன்ஜினுக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். திரும்ப இறக்கும்போது ரோட்டார் இரண்டாவது கோட்டில் நிற்கட்டும்; இறங்க இறங்கத் தானே முதல் கோட்டுக்கு வந்துவிடும். அங்கே, டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே இருக்கும்போது இன்ஜினைச் சுற்றவே கூடாது.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். மூடியில் பிளக் வயர் வரிசை இடஞ்சுழியாக 1, 3, 4, 2. பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். கழுத்துப் போல்ட்டை ஏற்கெனவே யாரேனும் தளர்த்தியிருந்தால் 12 வோல்ட் பல்பு வைத்துத்தான் டைமிங் பார்க்கவேண்டும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்க, புல்லியின் வெட்டைக் குறிக்கு நேராக நிறுத்தி, பல்பின் ஒரு வயரைச் சின்ன வயர் முனையிலும் மற்றதை பாடியிலும் கொடுத்து, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை வலஞ்சுழியாக மெல்லத் திருப்புங்கள். பல்பு எரியும் அந்த நொடியில் போல்ட்டை இறுக்குங்கள். வணக்கம்.