பக்கத்துத் தோட்டத்தின் வண்டித்தடத்தை இடம் மாற்றுதல்

வேளாண் நேயர்களுக்கு வணக்கம்.

சாலையோரத் தோட்டம் ஒருவருக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் தோட்டம் இன்னொருவருக்கும் என்று பாகம் பிரிந்த நிலங்கள் நம் கொங்கு வட்டாரத்தில் ஏராளம். பின் தோட்டத்துக்காரர் முன் தோட்டத்தின் ஊடாகத்தான் சாலைக்கு வந்து சேர வேண்டும். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் “மாமூல் வண்டித்தடத்தில் ஆள், ஆடு மாடு, வண்டி வாகனங்கள் போக வர பாத்தியம்” (அதாவது உரிமை) என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை அடி அகலம் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. மாட்டு வண்டி போன காலத்தில் அதனால் யாருக்கும் இடைஞ்சல் வரவில்லை. இன்றைக்கு முன் தோட்டத்துக்காரர் வீடு கட்ட நினைக்கிறார், கோழிப்பண்ணை போட நினைக்கிறார், சொட்டுநீர்க் குழாய் பதித்துத் தென்னை வைக்க நினைக்கிறார். நிலத்தின் நடுவே குறுக்காகப் போகும் தடத்தை வடக்கு வரப்போரமாக ஒதுக்கிவிட்டால் தோட்டம் ஒரே துண்டாக அமையுமே என்று அவர் எண்ணுவதில் நியாயம் இருக்கிறது. உரிமையியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில், அதை இரு குடும்பத்துக்கும் கேடில்லாமல் எப்படிச் செய்வது என்று சொல்ல விரும்புகிறேன்.

பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே அந்தத் தடம் யாருடையது என்று பார்த்துவிடுங்கள். வருவாய்த்துறையின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலங்களின் விவரப் பதிவேடு) எடுத்தால், அது தனி எண்ணிட்ட வண்டிப்பாதைப் புறம்போக்கா, பட்டா நிலத்துக்குள் அனுபவத்தில் இருக்கும் தடமா என்பது தெரிந்துவிடும். புறம்போக்காக இருந்தால் அது அரசு நிலம். இரண்டு பட்டாதாரர்கள் தங்களுக்குள் கையெழுத்திட்டு அதை நகர்த்த முடியாது. சில பத்திரங்களில் தடத்தின் அடிமண்ணிலேயே பங்காளிகள் அனைவருக்கும் பொதுப் பங்கு எழுதப்பட்டிருக்கும். அங்கே பங்குதாரர் ஒருவர் விடாமல் அனைவரும் சேர்ந்தால்தான் மாற்றம் செல்லும். இவ்விரண்டும் இல்லாமல், ஒருவருடைய பட்டா நிலத்தின் மேல் மற்றவருக்கு நடக்கவும் வண்டி ஓட்டவும் மட்டும் பாத்தியம் உள்ள நிலையைப் பற்றியே இனிப் பேசப் போகிறேன்.

இந்தப் பாத்தியத்தை ஆள்வது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். நீதிமன்ற வட்டாரத்தில் ஈஸ்மெண்ட் சட்டம் என்றே சொல்வோம். அந்தச் சட்டம் தடத்தை இடம் மாற்றும் அதிகாரத்தை இரு தரப்பில் எவருக்கும் தனியாகக் கொடுக்கவில்லை. 23-ஆவது பிரிவின்படி, பாத்தியம் உள்ளவர் அதை அனுபவிக்கும் முறையை, மற்றவர் நிலத்தின் மேல் சுமை கூடாதபடி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வழிப்பாத்தியத்துக்கு மட்டும் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: சுமை கூடாவிட்டாலும், அவர் தம் இஷ்டப்படி வேறு தடம் பிடித்துப் போக முடியாது. மறுபக்கம், நிலத்தின் சொந்தக்காரர் பாத்தியத்தைக் குறைக்கும் எந்தச் செயலையும் செய்யக் கூடாது என்கிறது 27-ஆவது பிரிவு. தடத்தில் முளைத்த புல்லை அவர் தம் மாடுகளுக்கு மேய்க்கலாம், ஆனால் தம் நிலத்தின் கடைக்கோடியில் சுவர் எழுப்பி வழியை மறிக்கவோ, முன்பு இருந்ததைவிடப் போக்குவரத்துச் சிரமமாகும்படி தடத்தைக் குறுக்கவோ கூடாது என்று சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. தோட்டம் முழுவதும் கண்ட இடத்தில் வண்டி போய்வந்தால் மட்டும், ஒரு குறிப்பிட்ட பகுதியோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்க 22-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது, அதுவும் பாத்தியக்காரருக்குப் பாதிப்பு இல்லாத அளவுக்குத்தான். அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டு உருவான ஒரு மாதிரிச் சட்டம், பாத்தியக்காரருக்கு இழப்பு இல்லை என்று நிரூபித்து, செலவையும் ஏற்றுக்கொண்டால், அவர் சம்மதிக்காவிட்டாலும் நீதிமன்றத்தின் மூலம் பாதையை நகர்த்த நிலத்துக்காரருக்கு வழி செய்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஆகவே நமக்குள்ள வழி உடன்பாடு ஒன்றுதான்.

உடன்பாடு வாய்வார்த்தையாக முடிவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது, அதைச் சற்று நிதானமாக விளக்க வேண்டும். முன் தோட்டத்துக்காரர், “மாமா, இந்தத் தடத்தில் நான் வீடு கட்டிக்கொள்கிறேன், நீங்கள் வடக்கு வரப்போரம் போய்க்கொள்ளுங்கள்” என்கிறார். உறவுக்காரர்தானே என்று பின் தோட்டத்துக்காரரும் சம்மதிக்கிறார். வீடு எழும்பிவிடுகிறது. பாத்தியத்தை இனி அனுபவிக்க முடியாதபடி செய்யும் நிரந்தரமான ஒரு செயலுக்குப் பாத்தியக்காரரே வெளிப்படையாக அனுமதி கொடுத்து, அந்தச் செயலும் நடந்து முடிந்துவிட்டால், அவர் பாத்தியத்தை விட்டுக்கொடுத்ததாகவே 38-ஆவது பிரிவு கொள்ளும். ஆகப் பழைய தடம் போயிற்று. புதிய தடத்துக்கோ எழுத்து எதுவும் இல்லை. எழுத்தில்லாமல் போய்வருவதைப் பெரும்பாலும் வெறும் அனுமதியாகத்தான் நீதிமன்றம் பார்க்கும். அனுமதியைப் பொதுவாகக் கொடுத்தவர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்கிறது 60-ஆவது பிரிவு. நிலத்தை அவர் விற்றுவிட்டால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது என்று 59-ஆவது பிரிவு சொல்கிறது. மகன் காலத்தில் அந்தத் தோட்டம் வெளியாளுக்கு விலைக்குப் போகிறது. வாங்கியவர் வில்லங்கச் சான்றைப் பார்க்கிறார், அதில் பாதை எதுவும் இல்லை, கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட்டுவிடுகிறார். தலைமுறை தலைமுறையாக இருந்த பாத்தியம், ஒரு நல்லெண்ணத்தின் பேரில், இரண்டு பக்கமும் கைவிட்டுப் போகிறது. இத்தகைய வழக்கோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் எந்தத் தவறும் செய்யாதவர்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

எனவே பழைய தடத்தை விடுவதும் புதிய தடத்தைக் கொடுப்பதும் ஒரே ஆவணத்தில், ஒன்றை ஒன்று சார்ந்ததாக எழுதப்பட வேண்டும். நிலத்துக்காரர் புதிய தடத்தில் பாத்தியம் கொடுக்கிறார், அதைப் பெற்றுக்கொண்டதற்குப் பதிலாகப் பாத்தியக்காரர் பழைய தடத்தை விடுதலை செய்கிறார், புதிய தடம் வண்டி போகும் நிலைக்கு வந்த பிறகே பழையது அடைக்கப்படும் என்ற வரிசை அதில் தெளிவாக இருக்க வேண்டும். எழுதிய ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத் தீர்வை ஆவணத்தின் வகையைப் பொறுத்து மாறும் என்பதால் எழுதுவதற்கு முன்பே அங்கே கேட்டுக்கொள்வது நல்லது. சொத்து விவரத்தில் இரண்டு தோட்டங்களின் புல எண்களையும் தவறாமல் குறிப்பிடுங்கள். வில்லங்கச் சான்று புல எண்ணைக் கொண்டே தேடி எடுக்கப்படுகிறது. ஒருவருடைய எண்ணை மட்டும் எழுதிவிட்டால், நாளைக்கு மற்ற நிலத்தை வாங்க வருபவரின் கண்ணில் இந்த ஆவணம் படாமலே போய்விடும்.

பாத்தியம் மட்டும் கொடுத்தால் புலப்படத்தில் உட்பிரிவு ஏற்படாது, வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தடம் தெரியாது. ஆகவே நில அளவரைக் கொண்டு அளந்து, எல்லைக் கற்களிலிருந்து தூரம் குறித்த ஒரு வரைபடத்தை ஆவணத்தோடு இணைத்துவிடுங்கள். கீழ்மேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி, சாலையில் எந்த இடத்தில் ஏறுகிறது, பின் தோட்டத்தின் எந்தக் கடவில் நுழைகிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மண்ணையே மாற்றிக்கொள்ள விரும்பினால் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதலாம். நானூறு அடி நீளத்தில் பதினாறு அடி அகலத் தடம் என்றால் ஏறக்குறைய 14.7 சென்ட் ஆகிறது. அவ்வளவு நிலம் போகிறது என்று தெரிந்த பிறகு இரு தரப்பும் பேசுவது பேச்சைப் பொறுப்புள்ளதாக்கும்.

கையெழுத்து யார் யார் போட வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. பெரியவர் காலமாகிப் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், மகள்கள் உட்பட வாரிசுகள் அனைவரும் சேர வேண்டும். நிலம் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடமானத்தில் இருந்தால் அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்தையும் பெற்றுவிடுங்கள்.

புதிய தடம் பழையதற்கு ஈடானதா என்பதைக் காகிதத்தில் பார்த்தால் போதாது, மழை பெய்த மறுநாள் நடந்து பார்க்க வேண்டும். நடுத்தோட்டத்துப் பழைய தடம் பல காலம் வண்டி ஓடி இறுகிய மேட்டுமண்ணாக இருக்கும். வரப்போரம் பெரும்பாலும் தண்ணீர் வடியும் பள்ளம், கரிசலாக இருந்தால் டிராக்டர் டிப்பர் அச்சு வரை இறங்கிவிடும். அங்கே கிராவல் அடித்து மேடாக்குவதும், தண்ணீர் கடக்கும் இடத்தில் குழாய்ப் பாலம் போடுவதும் யார் செலவு என்பதை எழுதிவிட வேண்டும். சட்டம் பொதுவாகப் பராமரிப்புச் செலவைப் பாத்தியக்காரர் மேல்தான் வைக்கிறது. ஆனால் மாற்றத்தைக் கேட்டவர் முன் தோட்டத்துக்காரர் என்பதால், முதல் முறை தடம் அமைக்கும் செலவை அவரே ஏற்பதுதான் முறை என்பது என் கருத்து. வரப்போரமாகப் போய்ச் செங்கோணத்தில் திரும்பும் முனைதான் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்புகிறது. நேர்த்தடத்தில் பன்னிரண்டு அடியில் போய்விடும் தேங்காய் லாரி, முனையில் திரும்ப இன்னும் அகலம் கேட்கும். அறுவடை இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முனையின் அளவை முடிவு செய்யுங்கள். வழியில் அரசு வாய்க்கால் குறுக்கிட்டால் பாலம் போடத் துறையின் அனுமதி வேண்டும். தடத்துக்கு அடியில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் கொண்டுபோக வேண்டுமென்றால் அதையும் தனியே எழுதுங்கள், நடக்கும் பாத்தியத்தில் அது தானாக அடங்காது. நிலத்துக்காரரும் தம் பங்குக்கு ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்: பின் தோட்டம் நாளை வீட்டுமனைகளாகப் பிரிந்தால், விவசாயத்துக்குக் கொடுத்த தடம் மனைகளுக்கான சாலையாக மாறக் கூடாது.

வேறு பாதை கிடைத்துவிட்டதே, பழைய பாத்தியம் தானாக ஒழிந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். வேறு வழியே இல்லாததால் தேவையின் பேரில் ஏற்பட்ட பாத்தியம், தேவை தீர்ந்ததும் 41-ஆவது பிரிவின்படி முடிந்துவிடும். பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பாத்தியம் அப்படி முடியாது என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2006-இல் உறுதி செய்திருக்கிறது.

பேச்சு முறிந்துவிட்டால் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச அங்கே ஏற்பாடு உண்டு, அங்கே ஏற்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது. இதற்கிடையில் தடத்தை மறித்து வேலி போட்டுவிட்டால், நீங்களே போய் அதைப் பிடுங்கி எறியாதீர்கள், 36-ஆவது பிரிவு அதை அனுமதிக்கவில்லை. அதற்காகப் பேசாமல் இருந்துவிடவும் வேண்டாம். இருபது ஆண்டு அனுபவத்தின் பேரில் பாத்தியம் கோருகிறவர், தடை ஏற்பட்டது தெரிந்த பிறகும் ஓராண்டு பொறுத்துப் போய்விட்டால் அந்த அனுபவம் முறிந்ததாகிவிடும். வேலி போட்ட அந்த வாரமே ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் ஆட்சேபனையை அனுப்பிவிட்டு, பத்திரத்தையும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.